மிஸ்டர் கார்மனுவின் இரண்டாவது கடிகாரம்

பர்வீனுக்கும் அஸ்லமுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த ஜாபர் அங்கிள், நம் ஹாலில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும் இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன பாய், ஒண்ணு அமெரிக்கா டைம், இன்னொண்ணு இந்தியா டைமா? கணக்கு இடிக்குதே!" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அஸ்லம் முந்திக்கொண்டான். "இட்ஸ் ஜஸ்ட் ப்ரோக்கன், அங்கிள். அத்தா வோன்ட் த்ரோ இட் அவே."

எல்லோரும் சிரித்தார்கள். பர்வீன் மட்டும் சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்று, "அத்தா, ஆர் யூ ஓகே? யூ நோ தட் க்ளாக் இஸ் ராங், ரைட்?" என்று மெதுவாகக் கேட்டாள். ஞாபகம் போன வயசானவர்களை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று அவளுக்குத் தெரியும். அந்த நோய் அத்தாவுக்கும் வந்துவிட்டதோ என்று பயந்திருக்கிறாள்.

இல்லை மகளே. அந்தக் கடிகாரம் தப்பு என்று எனக்குத் தெரியும். ஏன் மாட்டியிருக்கிறேன் என்று வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன், அதற்குத் தகுந்த மாதிரி வாசித்துக்கொள்ளுங்கள்.

இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த வருஷம் தோள்வலியால் நான் வேலையை விட்டேன் அல்லவா, அன்று எங்களை வீடுகளுக்கு அனுப்பும் ஏஜென்சியில் டீ கொடுத்து வழியனுப்பினார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் எழுந்திருப்பதற்கு முன் என் மேலதிகாரி, நர்ஸ் மரகதம் சிஸ்டர், ஒரு அறிவிப்பு சொன்னார். ஞாபகம் போன நோயாளிகளை இனிமேல் திருத்த வேண்டாம், அவர்கள் எந்த ஊரில் இருப்பதாக நினைக்கிறார்களோ அந்த ஊருக்கே நாமும் போக வேண்டும், இதுதான் புதுப் பயிற்சி என்றார். இத்தனை வருஷமும் திருத்து, திருத்து என்று சொல்லிக்கொடுத்தவரும் இதே சிஸ்டர்தான். "எல்லாரும் நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பெரியத்தா ஸ்பான்சர் பண்ணி நாம் நியூஜெர்சிக்கு வந்தது 2001இல். அஸ்லமுக்கு அப்போது நடை பழகும் வயசு. நான் முதலில் கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போட்டேன். அந்த வருஷக் கடைசியில், இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகு, தாடி வைத்தவன் ராத்திரியில் பெட்ரோல் போட நிற்க வேண்டாம் என்று உங்கள் அம்மா அழுதாள். அதனால் ஹோம் ஹெல்த் எய்ட் பயிற்சிக்குப் போனேன். ஒரு லாண்டரிக்கு மேல்மாடியில் வகுப்பு. பிளாஸ்டிக் பொம்மையைக் குளிப்பாட்டினோம், படுக்கையில் ஆள் இருக்கும்போதே விரிப்பு மாற்றக் கற்றோம், முதுகால் தூக்காதே, முழங்காலால் தூக்கு என்று ஆயிரம் தடவை கேட்டோம். சான்றிதழ் வந்தது. அவ்வளவுதான் என் படிப்பு.

மரகதம் சிஸ்டர் நாகர்கோவில்காரர். வெள்ளைக் கோட்டில், நெஞ்சுக்கு மேலே ஒரு கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருப்பார். எதைப் பேசுவதற்கும் முன்னால் அதைத் தூக்கி ஒரு தடவை பார்ப்பார். பெண்டாட்டி பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்கக்கூட மணி பார்த்துவிட்டுத்தான் கேட்பார். குரல் உயராது. உயராததால்தான் பயம்.

"பாய், நம்ம ஆளுக தொலைஞ்சு போன பிள்ளைக மாதிரி, பாத்துக்கிடுங்க. எங்க நிக்கோம்னு தெரியாது. நாமதான் சொல்லணும். கூடச் சேந்து நாமளும் தொலைஞ்சிரப்பிடாது" என்பார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. கதவைத் தட்டு. பின்னாலிருந்து போகாதே, முகம் தெரியும்படி முன்னால் போய் நில். உன் பேரைச் சொல். பிறகு சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் கிழமை, மாதம், ஊர், வெயிலா மழையா என்று பெரிய எழுத்தில் எழுதி, அவரையும் சேர்த்து வாசிக்க வை. அதற்குப் பிறகுதான் வெந்நீர். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பார்த்துவிட்டு முதலில் முகம், கடைசியில் கால். நடுவில் அவர் வேறு ஊரில் இருக்கிற மாதிரி பேசினால், கோபப்படாமல் பலகையைக் காட்டு.

என் முதல் ஆள் சூரத்தில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர். காலையில் கண் விழித்ததும் கடைச் சாவியைக் கேட்பார். நான் முறைப்படி, "பாபுஜி, கடையை வித்தாச்சு, இது நியூஜெர்சி, எடிசன் ஊர்" என்பேன். அவர் உடைந்துபோவார். மறுநாளும் சாவி கேட்பார். தினமும் அவருக்குக் கடை புதிதாகப் பறிபோனது. சிஸ்டரிடம் சொன்னேன். மணி பார்த்தார். "உண்மை கசக்கத்தான் செய்யும் பாய்" என்றார். சரிதான் என்று பட்டது. வீட்டுக்கு வரும் வழியில் சரியில்லை என்றும் பட்டது.

இப்போது மிஸ்டர் கார்மனுவிடம் வருகிறேன்.

மால்டா என்று இத்தாலிக்குத் தெற்கே கடலில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அங்கே ஒரு சின்ன ஊரில் பிறந்தவர் அவர். வாலிபத்தில் கல் வெட்டினார், பிறகு அமெரிக்கா வந்து துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். நான் போனபோது எண்பதைத் தாண்டியவர். குட்டையான ஆள். மணிக்கட்டு மட்டும் என் கணுக்கால் பருமன் இருக்கும். மகள் ரீட்டா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், தனி ஆள். பகலில் பெரியவருக்குத் துணை நான்.

முதல் நாள் ஹாலைக் குறுக்காகத் தாண்டப் போனேன். மிஸ்டர் கார்மனு என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கோயில் வாசலைக் குறுக்கே தாண்டாதே. சுத்திப் போ."

ரீட்டா சிரித்தார். "அப்பாவுக்கு இந்த வீடுதான் அவங்க ஊர். நான் சொல்லித்தரேன், இல்லன்னா நீங்க எங்கயாவது முட்டிக்குவீங்க."

ஊரை அவர் ரஹால் என்பார். அவர்கள் பாஷையில் அதற்கு ஊர் என்றுதான் அர்த்தமாம். அவர்கள் வீட்டு ஹால்தான் ஊர்ச் சதுக்கம். குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பு இருக்கும் சுவர் மாதா கோயில். தேன் நிறக் கல்லால் கட்டியது, இரண்டு பக்கமும் மணிக்கூண்டு, நடுவில் குவிமாடம். மாடிப்படி காற்றாலை. காற்று வந்ததும் மாவு அரைக்கிறவர் மேலே ஏறிச் சங்கு ஊதுவாராம், சனங்கள் கோதுமை மூட்டையோடு ஓடி வருவார்களாம். வீட்டில் ஹீட்டர் ஓடத் தொடங்கி சுவர் ஓட்டையிலிருந்து காற்று புஸ் என்று வந்தால் மிஸ்டர் கார்மனு இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்து ஊதுவார். முதல் தடவை நான் டீயைக் கொட்டிவிட்டேன்.

சமையலறை ரொட்டிக்காரர் வீடு. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக் கறித் தட்டுகளும் அவர் அடுப்புக்குத்தான் போகும். பேஸ்மெண்ட், சண்டைக்காலத்தில் விமானம் குண்டு போட்டபோது சனங்கள் பாறைக்குள் வெட்டிய பதுங்குகுழி. ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒரு அறையைக் கடப்பாரையால் வெட்டிக்கொண்டது. குப்பை லாரிச் சத்தம் கேட்டால் அவர் அங்கே இறங்கப் பார்ப்பார். பின்வாசல், கடலைப் பார்த்த காவல் கோபுரம். அந்தக் காலத்தில் கொள்ளைக் கப்பல் தெரிந்தால் கோபுரத்தின் மேல் தீ மூட்டுவார்கள், உடனே ஊரே ஓடிப்போய்க் கோயிலுக்குள் கதவைச் சாத்திக்கொள்ளும்.

"யாரு வருவா கப்பல்ல?" என்று கேட்டேன்.

"துருக்கிக்காரன்" என்றார். என் தாடியைப் பார்த்தார். "நீ?"

"இந்தியா."

"கப்பல்லயா வந்தே?"

"ப்ளேன்ல, ஐயா."

"அது இன்னும் மோசம்" என்றார். குண்டு போட்டது விமானம்தானே.

சாப்பிடும் முன் கண்ணை மூடி, அல்லா என்று தொடங்கி ஏதோ முணுமுணுத்து, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் பாஷையில் கடவுளுக்கு அதுதான் சொல் என்று ரீட்டா சொன்னார். துருக்கிக்காரனுக்குப் பயந்து கோயிலுக்குள் ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து அல்லா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வெளியே நின்றவனும் அதையேதான் கூப்பிட்டிருப்பான். இதை நான் பலநாள் யோசித்தேன். எந்தப் பக்கம் நின்று யோசிப்பது என்று தெரியவில்லை.

சில மாதம் போனது. எனக்குச் சம்பளம் கொடுக்கிற இன்சூரன்ஸ்காரர்கள் ஓர் ஆளை அனுப்பி மிஸ்டர் கார்மனுவைச் சோதிக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. மணி என்ன, எங்கே இருக்கிறீர்கள், இவர் யார் என்று கேட்பார்கள். பதில் சரியாக வந்தால் அவர் வீட்டிலேயே இருக்கலாம், நானும் வரலாம். வராவிட்டால் வீட்டில் வைத்திருப்பது ஆபத்து என்று நர்சிங் ஹோமுக்கு மாற்றச் சொல்வார்கள். ரீட்டா சமையலறையில் நின்று என்னிடம் சொன்னார்: "வேற வீட்டுக்குப் போனா அப்பா வீட்டை மட்டுமா விடுவாங்க? அவங்க ஊரே போயிடும்."

சிஸ்டர் உடனே வந்தார். நெஞ்சுக் கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தார். பெரிய எண்கள் போட்ட புதுக் கடிகாரம் ஒன்றைத் தன் கையாலேயே கணப்புக்கு மேலே, இடது பக்கமாக மாட்டினார். "தினமும் மணி கேளுங்க பாய். எப்ப கேட்டாலும் பட்டுனு வரணும்."

மறுநாள் மிஸ்டர் கார்மனு சாப்பிடவில்லை. கணப்புக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்துக்கு வலதுபுறம் வெறும் சுவரைப் பார்த்து, "இன்னொண்ணு எங்கே? இன்னொண்ணு எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பலகையைக் காட்டினேன். என் கையைத் தட்டிவிட்டார். பின்வாசலுக்குப் போய்ப் பூட்டை ஆட்டினார், திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார்.

சாயங்காலம் ரீட்டா வந்ததும்தான் விளங்கியது. அவர்கள் ஊர்க் கோயிலின் இரண்டு மணிக்கூண்டிலும் கடிகாரம் உண்டு. ஒன்று சரியான மணி காட்டும். மற்றது தப்பாகக் காட்டும். வேண்டுமென்றே அப்படி வைத்தது. எந்த நேரத்தில் பூசை, எந்த நேரத்தில் யார் உயிர் பிரியும் என்று தெரிந்துகொள்ள வரும் சைத்தான் இரண்டையும் பார்த்துக் குழம்பித் திரும்பிப் போய்விடுவானாம். எது சரியானது என்று ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரியும். அசலூரானிடம் சொல்ல மாட்டார்கள்.

அஸ்லம், நீ சிரிப்பாய். எனக்கு அது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றவில்லை. நம் பள்ளிவாசல் சுவரில் தொழுகை நேரம் காட்டும் ஓடாத கடிகாரங்கள் வரிசையாக இருக்குமே. அவை நம்மை வா என்று சொல்லும். அவர்களுடையது ஒருத்தனை மட்டும் வராதே என்று சொல்கிறது.

ரீட்டா கராஜிலிருந்து பித்தளை விளிம்பு போட்ட பழைய கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து வலதுபுறம் மாட்டினார். அதுதான் இப்போது நம் வீட்டில் இருப்பது. முள் அசையாது. மிஸ்டர் கார்மனு எழுந்து இரண்டையும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "இப்போ கோயில்" என்றார். பின்வாசல் பக்கம் போவதை அன்றோடு விட்டார். புதுக் கடிகாரத்தைப் பார்த்துச் சரியான நேரத்துக்குச் சாப்பாடு கேட்டார். ஒருநாள் நான் ஷூ மாட்டிவிடக் குனிந்தபோது என் காதைப் பிடித்து இழுத்து, "இடது பக்கம் உண்மை. யாரிடமும் சொல்லாதே" என்று கிசுகிசுத்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுதத் தெரியவில்லை.

சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு கடிகாரம் இருந்தா எனக்கே குழம்புது. அவருக்குக் குழம்பாதா?"

"ரெண்டு இருந்தாதான் சிஸ்டர் அவருக்குக் குழப்பம் இல்ல."

அவர் மணி பார்த்தார். "இது என்ன பேச்சு பாய்?" வீடு ரீட்டாவுடையது என்பதால் கடிகாரம் தப்பியது.

சோதிக்க வந்தவர் நல்ல மனிதர். கோட்டு, கையில் ஒரு கோப்பு, மெதுவான பேச்சு. காலணியைக் கழற்றிவிட்டு வந்தார். ஆனால் ஹாலுக்கு நடுவே, கோயில் வாசலைக் குறுக்காகத் தாண்டி வந்துதான் உட்கார்ந்தார். மிஸ்டர் கார்மனு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இப்போ மணி என்ன?"

மிஸ்டர் கார்மனு இடது கடிகாரத்தைப் பார்த்தார். வலது கடிகாரத்தைப் பார்த்தார். வந்தவர் முகத்தைப் பார்த்தார். வலது கடிகாரத்தின் மணியைத் தெளிவாகச் சொன்னார்.

ரீட்டா கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க எங்கே இருக்கீங்க?"

"கடல்ல."

"இவர் யாரு?" என்று என்னைக் காட்டினார்.

"பார்த்ததே இல்ல. துருக்கிக்காரன்" என்றார் மிஸ்டர் கார்மனு. சொல்லும்போது அவர் இடது கண் மூடித் திறந்தது. கண் அடித்தாரா, வயசானவர்களுக்குச் சும்மா துடிக்குமே, அதுவா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

வந்தவர் எழுதிக்கொண்டு, கை கொடுத்துவிட்டுப் போனார். கார் தெருவைத் தாண்டியதும் மிஸ்டர் கார்மனு இடது கடிகாரத்தைப் பார்த்து, "சாப்பாட்டு நேரம் தாண்டிப்போச்சு. இன்னிக்கு என்ன, பட்டினியா?" என்றார். நேரம் உண்மையிலேயே தாண்டியிருந்தது.

நான் சிஸ்டருக்குப் போன் பண்ணினேன். "அவருக்கு மணி தெரியும் சிஸ்டர். வந்தவரைச் சைத்தான்னு நினைச்சு மாத்திச் சொல்லிட்டார்."

"பாய், இதை நான் அவங்ககிட்ட எப்படி எழுதுவேன்?" என்றார். ஆனாலும் எங்கெங்கோ பேசி, இன்னொரு தடவை சோதிக்கச் சம்மதம் வாங்கினார். அது அவர் வழக்கமே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், அந்தப் பழைய கடிகாரத்தைக் கழற்ற வேண்டும். ஒரே கடிகாரம் இருந்தால் மாற்றிச் சொல்ல வழியிருக்காது. எனக்கும் அது சரியாகவே பட்டது. ரீட்டாவே கழற்றினார்.

இரண்டாவது தடவை சிஸ்டரும் கூட உட்கார்ந்திருந்தார். அதே மனிதர், அதே மெதுவான குரல். "சார், இப்போ மணி என்ன?"

மிஸ்டர் கார்மனு சுவரைப் பார்த்தார். புதுக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வலதுபுறம் ஆணி மட்டும் இருந்தது. ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல" என்றார்.

"கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லலாம் சார்."

"ஒண்ணுதான் இருக்கு" என்றார் மிஸ்டர் கார்மனு. "ஒண்ணு மட்டும் இருந்தா, அது உண்மையானதா மத்ததான்னு எப்படித் தெரியும்?"

வந்தவர் எழுதிக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை.

வெளியே கார் பக்கத்தில் சிஸ்டர் என்னிடம், "பாய், அந்த மனுசர் கேட்டதுல..." என்று தொடங்கி நிறுத்தினார். வழக்கம்போல நெஞ்சுக் கடிகாரத்தைத் தூக்கினார். பார்த்தார். அப்படியே விட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். மணி பார்த்த பிறகு அவர் பேசாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

மிஸ்டர் கார்மனுவை நர்சிங் ஹோமுக்கு மாற்றினார்கள். ரீட்டா அங்கே இரண்டு கடிகாரங்களையும் மாட்டினார். தப்பு மணி காட்டினால் மற்றவர்களுக்குக் குழப்பம் என்று சொல்லி அங்குள்ளவர்கள் பழையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். நான் ஒருநாள் பார்க்கப் போனேன். அது வேலை இல்லை, சும்மாதான். அவர் அறையிலும் சுவர் ஓட்டையிலிருந்து காற்று வந்தது. அவர் கையைக் குவிக்கவில்லை. நான் குவித்து ஊதிக் காட்டினேன். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மிஸ்டர் கார்மனு என்னைத் திரும்பிப் பார்த்து, சுவரைக் காட்டி, "இது எது?" என்று கேட்டார்.

"உண்மையானது, ஐயா. சத்தியமா."

"ஒண்ணு மட்டும் இருந்தா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். அடக்கத்துக்குப் பிறகு ரீட்டா அந்தப் பழைய கடிகாரத்தைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "உங்களுக்குத்தான் எது எதுன்னு தெரியும்" என்றார்.

இப்போது திருத்த வேண்டாம் என்கிறார்கள். புது முறை அன்றே வந்திருந்தால் அவர் வீட்டிலேயே இருந்திருப்பாரா? மணி கேட்க ஆள் அனுப்பாமல் இருந்திருப்பார்களா? சிஸ்டர் கெட்டவர் இல்லை, சோதிக்க வந்தவர் கெட்டவர் இல்லை, கடிகாரமும் சரியாகத்தான் ஓடியது. மிஸ்டர் கார்மனுவும், தன்னைக் கொண்டுபோக வந்தவனைக் குழப்பி அனுப்ப அவருடைய ஊர் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார். பிறகு எங்கே தப்பு நடந்தது? எழுதினால் தெளியும் என்று நினைத்தேன், தெளியவில்லை. நான் பார்க்காத ஒரு ஊரின் காற்றாலையும் ரொட்டிக்காரர் வீடும் பதுங்குகுழியும் கண்ணை மூடினால் அந்தந்த இடத்தில் இருக்கின்றன, அது மட்டும்தான் எனக்குத் தெளிவாக இருக்கிறது.

அதனால், பர்வீன், பயப்படாதே. அஸ்லம், அதற்குப் பேட்டரி வாங்கிப் போடாதே. ஜாபர் அங்கிள் மறுபடி வந்து எந்தக் கடிகாரம் சரி என்று கேட்டால் மரியாதையாகச் சிரித்து, டீ கொடுங்கள். நாளைக்கு யாராவது கோப்போடு வந்து என்னிடம் மணி கேட்கும் காலமும் வரலாம். அப்போது கோப்பில் அவர்கள் என்ன எழுதினாலும் எழுதட்டும், நீங்கள் இருவரும் எந்தக் கடிகாரத்தையும் கழற்ற விடாதீர்கள்.

நம் வீட்டில் எது உண்மையான மணி காட்டுவது, இடதா வலதா என்று இதில் நான் எழுதவில்லை. நீங்கள் இந்த வீட்டுப் பிள்ளைகள். உங்களுக்குத் தெரியும்.